குளிர்ந்த காடியின் முதல் நொடி

"காலையில கொண்டாராதீங்க சார். மொத நாள் சாயங்காலமே விட்டுட்டுப் போங்க."

புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, செம்பனை வரிசை முடிகிற இடத்தில் ஒரு தகரக் கூரைப் பட்டறை இருக்கிறது. ஆட்டோ கியர் காட்ட அங்கே போகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப்பேர் அப்போதே முகம் சுளிப்பார்கள். ராத்திரி காடி இல்லாமல் வீட்டுக்கு எப்படிப் போவது? இந்தப் பக்கத்தில் பஸ்ஸை நம்பி யார் இருக்கிறார்கள்? மீதிப்பேர் சாவியைக் கொடுத்துவிட்டு யாருடைய மோட்டாரிலாவது தொற்றிக்கொண்டு போவார்கள். நான் அந்த மீதிப்பேரில் ஒருவன், இருபது வருடமாக.

எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். பெயரை அச்சில் போட்டால் கோபித்துக்கொள்வார். அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டி. மகனுக்குக் கை பழகியது தென்னமரம் தோட்டத்துப் பக்கம், டிராக்டர் கொட்டகைகளில். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தோட்டம் அது. பெயரில் தென்னையை வைத்துக்கொண்டு செம்பனையில் புகழ் பெற்ற இடம். அதை நட்ட பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொகோனியே பிறகு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசு வாங்கினார். அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அவரு டிராக்டர் ஓட்டியிருப்பாரா?" என்று மட்டும் கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெராமிலிருந்தோ பெஸ்தாரி ஜெயாவிலிருந்தோ (எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஓட்டிக்கொண்டு வந்து இறங்கும் காடிக்குள் எண்ணெய் சூடாகியிருக்கும். இரவெல்லாம் விறைத்துக் கிடந்த சீல்கள் இளகி, இடைவெளியை அடைத்திருக்கும். டார்க் கன்வெர்ட்டரிலிருந்து வடிந்து போன எண்ணெய் திரும்ப நிறைந்திருக்கும். நோய் வீட்டு வாசலிலேயே தங்கிவிடும், காடி மட்டும் பட்டறைக்கு வந்து சேரும். "இப்ப நல்லாத்தான் இருக்கு, காலையில பாத்திருக்கணும் நீங்க" என்று சத்தியம் செய்யும் காடிக்காரர்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலையைத் தன் பட்டறையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அண்ணன் சாவியை முதல் நாளே கேட்கிறார்.

ஏழு மணிக்கு அவர் மட்டும் காடிக்குள் ஏறுவார். வேறு யாரும் சாவியைத் தொடக் கூடாது. ரேடியோ கிடையாது, ஏர்கோன் கிடையாது, கண்ணாடி நாலும் இறங்கியிருக்கும். எஞ்சின் பிடித்ததும் உடனே கியர் போட மாட்டார். எஞ்சின் வேகம் மெல்ல இறங்கி ஒரு சீரான முணுமுணுப்புக்கு வரும் வரை ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பூசாரி மாதிரி உட்கார்ந்திருப்பார். பிறகு நியூட்ரலிலிருந்து டிரைவ்.

அந்த இடைவெளிக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். லீவர் நகர்ந்ததற்கும், காடி தன் கால்களில் மெல்ல உட்காருவதற்கும் நடுவில் ஒரு மௌனம் வருமே, அது. டொயோட்டாக்காரர்களின் பழுதுபார்ப்புக் கையேடுகள் பலவற்றில் டிரைவுக்கு 1.2 வினாடிக்குள், ரிவர்ஸுக்கு 1.5 வினாடிக்குள் என்று கோடு போட்டிருக்கிறார்கள். அது எண்ணெய் சூடான பிறகு பார்க்க வேண்டிய கணக்கு. அண்ணனிடம் அந்தக் கணக்கின் குளிர்ந்த வடிவம் இருக்கிறது, எங்கும் எழுதப்படாதது. கடிகாரம் பார்க்க மாட்டார், உதடு அசைந்து "ஒண்ணு" என்று சொல்லும். அந்த "ஒண்ணு" முடிவதற்குள் காடி உட்கார்ந்துவிட்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது. முடிந்த பிறகு உட்கார்ந்தால் இடது புருவம் மட்டும் ஏறும். இரண்டாவது "ஒண்ணு"க்குப் போய், பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்தது மாதிரி பிடித்தால், காடிக்காரருக்குச் செலவு இருக்கிறது.

அதோடு விடுவாரா? மறுபடி நியூட்ரல், பிறகு ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிதானமாக நிறுத்தி, ஏழெட்டுத் தடவை. டிரைவ் தாமதித்து ரிவர்ஸ் சுத்தமாகப் பிடித்தால் முன்னோக்கிப் போகும் கிளட்சின் சீல் மேல் சந்தேகம். ரிவர்ஸ் மட்டும் தாமதித்தால் வேறு அறையைத் தட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து தாமதித்தால் உள்ளே போகவே வேண்டாம், முதலில் எண்ணெய் அளவு, வடிகட்டி, பம்ப். டிரைவில் முதல் கியர் நழுவி, லீவரை எல் (L) நிலைக்கு இழுத்ததும் பிடித்துக்கொண்டால் ஒருவழிக் கிளட்ச் பக்கம் பார்வை திரும்பும். எல்லில் அதன் வேலையை ஒரு பிரேக் எடுத்துக்கொள்கிறது அல்லவா? ஒரு லீவர், நாலைந்து இடம், இரண்டு காது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குள் இருக்கும் பாதிப் பேரை விசாரித்து அனுப்பிவிடுகிறார். கச்சேரியில் ஆலாபனையிலேயே பாடகரை எடைபோட்டுவிடும் கிழவர்கள் முன்பெல்லாம் முதல் வரிசையில் இருப்பார்கள். அந்த இனம்தான் இவரும்.

ஸ்டால் டெஸ்ட் அவருக்குப் பிடிக்காது. பிரேக்கை இறுக்கி மிதித்து, டிரைவில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து, ஐந்து வினாடிக்குள் ஆர்பிஎம் படிப்பது. எண் கூடிப்போனால் கிளட்ச் நழுவுகிறது. குறைந்தால் எஞ்சினோ, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் ஸ்டேட்டரோ. செய்யத் தெரியாதவரில்லை. "வயசானவர ஓட விட்டு நெஞ்சு வலி இருக்கான்னு பாக்கிற மாதிரி" என்பார். எனக்கு இதில் அவரோடு முழு உடன்பாடு இல்லை. நல்ல ஆரோக்கியமான பெட்டிக்கு அது நேர்மையான சோதனை. ஆனால் அவரிடம் வருகிற காடிகள் பெரும்பாலும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியவை, சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எண்ணெய் பார்ப்பது தனி அழகு. குச்சியை உருவி, வெள்ளை டிஷ்யூவில் ஒரு சொட்டு வைத்து, ஒட்டுக்கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்து, அது பரவிய விதத்தைப் பார்ப்பார். நிறத்துக்கு அவரிடம் இருப்பது கடைப் பட்டியல். சிராப் என்றால் புதுசு. தே-ஓ என்றால் மாற்ற வேண்டிய காலம். கோப்பி-ஓ நிறமும் கருகல் வாடையும் என்றால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. பண்டோங் என்றால் எல்லாரும் ஒரு கணம் அமைதியாகிவிடுவோம்: ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து, தண்ணீர் கியர்பாக்ஸுக்குள் போய்விட்டது. ரோஜாப்பால் நிறத்தில் அவ்வளவு அழகாக இருக்கும் அது, ஒரு கியர்பாக்ஸின் மரணச் சான்றிதழ்.

(எண்ணெய்க்கும் ஒரு பழைய பாவம் உண்டு. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்க ஆட்டோ கியர் எண்ணெயில், கிளட்ச் தட்டுகள் வழுக்காமலும் உதறாமலும் பிடிப்பதற்காக, திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். சட்டம் வந்து நிறுத்தியது. செம்பனைக் காட்டு நடுவில் உட்கார்ந்து இதை நினைத்தால் விசித்திரமாகத்தான் இருக்கிறது.)

பிறகு ஓட்டம். எங்கள் வட்டாரத்தின் குறை, இது தட்டை நிலம். சபாக் பெர்ணம் வரை போனாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது, செக்கிஞ்சான் வயல்வெளியில் நீர்மட்டம் பார்த்தே வீடு கட்டலாம். கியர் இறங்குவதைச் சோதிக்க ஏற்றம் வேண்டுமே! அதற்குத்தான் இயற்கை புக்கிட் மெலாவாத்தியை வைத்திருக்கிறது என்பது அண்ணனின் கட்சி. சுல்தான்களின் கோட்டையும் டச்சுக்காரர்களின் பீரங்கியும் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இருக்கும் குன்று. சுற்றுலாப் பயணிகள் வெள்ளிக்குரங்குகளுக்குக் கடலை கொடுக்க ஏறுவார்கள். அண்ணன் வாரநாள் காலையில் மூன்றாவது கியர் இரண்டாவதற்கு இறங்குவதைக் கேட்க ஏறுவார். அந்த வளைவில் ஆக்சிலேட்டரை அரைக்கால் அழுத்தும்போது எஞ்சின் வேகம் முன்னால் தாவி, கியர் பின்னால் வந்து பிடித்தால், ஒரு கிளட்ச் விட்டுக்கொடுப்பதற்கும் இன்னொன்று பிடிப்பதற்கும் நடுவில் பெட்டி கணக்குத் தவறுகிறது என்று பொருள். குரங்குகள் அவரை அறியும் என்று நினைக்கிறேன். அவர் காடிக்கு மட்டும் வழி விடும்.

இறங்கிய பிறகு ஆற்றுப் பாலம் தாண்டி, தஞ்சோங் காராங் போகும் நேர் சாலை. அங்கே லாக்-அப் நடுக்கம். அறுபது எழுபது வேகத்தில், லேசான ஆக்சிலேட்டரில், சாலையில் வரிவரியாகக் கோடு போட்ட இடத்தில் ஓடுவது மாதிரி ஒரு உதறல். இதை எஞ்சின் மிஸ்ஸிங் என்று நினைத்து பிளக், காயில் எல்லாம் மாற்றிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! அண்ணன் உதறல் வந்த கணத்தில் ஆக்சிலேட்டரை விடாமல், இடது கால் நுனியால் பிரேக்கைத் தொடுவார். வேகம் குறையாது, பிரேக் விளக்கு எரிகிற அளவுக்குத்தான் தொடுதல். அந்த சிக்னல் போனதும் கன்வெர்ட்டர் பூட்டு விலகும். உதறல் அதோடு நின்றால் குற்றவாளி அங்கே. நிற்காவிட்டால் எஞ்சின் பக்கம் போகலாம். ஒரு விரல்கடை மிதி, இதற்குத்தான் நான் ஐந்தாறு தடவை காரணமே இல்லாமல் பக்கத்து இருக்கையில் ஏறிப் போயிருக்கிறேன்.

என் காடிக்கும் ஒருமுறை நேர்ந்தது. ரிவர்ஸ் போட்டால் "டொங்" என்று அடி. பட்டணத்து வொர்க்‌ஷாப் ஒன்றில் ஏர்கோன் அறையில் உட்கார வைத்து, கம்பி மாட்டி, கியர்பாக்ஸ் போய்விட்டது, ரீகான் போட வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையில் ஒரு கல்யாணத்துக்கு மொய் எழுதி, மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரமும் வாங்கலாம். அண்ணன் பொனட்டைத் திறந்து வைத்து, என்னை உள்ளே உட்காரச் சொல்லி, பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ், டிரைவ், ரிவர்ஸ் என்று போடச் சொன்னார். எஞ்சின் தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி எழும்பி விழுந்தது. கிழிந்திருந்தது மவுண்டிங் ரப்பர். கியர்பாக்ஸ் அப்பாவி.

இங்கே மாற்றுக் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். மேனுவல்தான் காடி, மற்றதெல்லாம் சலவை இயந்திரம் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தும் இருக்க மாட்டார்கள். சிவிடிதான் இனிமேல் என்கிற தம்பிகளிடம் மட்டும் ஒன்று சொல்வேன். சாகா 2011இல் சிவிடிக்குப் போய், 2019இல் நாலு கியருக்கே திரும்பி வந்தது. மைவி 2021இல் நாலு கியரை விட்டு சிவிடிக்குப் போனது. நம் நாட்டுக் காடிகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஒரே பாலத்தைக் கடந்திருக்கின்றன. அப்படியிருக்க எது முன்னேற்றம் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. கியர் மாறாத பெட்டியில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுதான் என் குறை. மிட்சுபிஷி வழி வந்த பழைய நாலு கியர்ப் பெட்டி நன்றாக இருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: வாக்கியத்தின் நடுவில் நல்ல வாசகர் மூச்சு வாங்குவது மாதிரி, இருக்கும், தெரியாது.

பெரிய குறை கம்பி மாட்டிப் பார்க்கும் ஸ்கேனரிடமும் இல்லை. சோலினாய்ட் கோளாறையும் ஸ்பீட் சென்சர் கோளாறையும் அது அரை நிமிடத்தில் சொல்லிவிடும். மூன்றாவது கியரிலேயே ஒட்டிக்கொண்டு தவழ்ந்து வரும் காடிக்கு அண்ணனே முதலில் கம்பி மாட்டச் சொல்வார். பிரச்சினை, திரையில் கோளாறு எண் வந்ததும் கேள்வி நின்றுவிடுவது. எண் காட்டுவது அடிபட்ட இடத்தை, அடித்தவரை யார் தேடுவது? ரீகான் பெட்டி லோரியில் வந்து இறங்கினால் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. இப்போது வரும் பல காடிகளில் எண்ணெய்க் குச்சியே இல்லை. ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று வேறு சிலர் சொல்லிக்கொள்கிறார்கள். யாருடைய ஆயுள்? இந்த வெயிலில், மாலை நேரத்துக் கிள்ளான் சாலை நெரிசலில் ஊர்ந்து வரும் காடியின் ஆயுளா? போன மாதம் ஒரு புதுக் காடியின் பொனட்டுக்குள் அண்ணனின் கை பழக்கத்தில் குச்சி இருக்க வேண்டிய இடத்துக்குப் போய், காற்றைப் பிடித்துவிட்டு, கைலியில் துடைத்துக்கொண்டது. ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா மகன் ஒருவன் இப்போது கூட இருக்கிறான். தொழிற்கல்லூரியில் படித்தவன், டேப்லெட் வைத்திருக்கிறான், கை சுத்தம். சென்ற வாரம் நான் முதல் நாள் மாலையே காடியை விட்டுவிட்டு, மறுநாள் ஏழு மணிக்கு ஆசையோடு போய் நின்றேன். பையன் அதற்குள் ஏதோ வரைபடமெல்லாம் எடுத்து வைத்திருந்தான், அழுத்தம், சூடு, வினாடி, எல்லாம் வண்ணத்தில். அண்ணன் பொறுமையாகப் பார்த்தார். பிறகு வந்து பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"காலையில யாரு ஸ்டார்ட் பண்ணது?"

"நான்தான் மாமா. டேட்டா எடுக்கணும்ல. அப்படியே பின்னால கொண்டுபோய் கழுவிட்டு வந்தேன்."

அண்ணன் கையை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"நாளைக்குப் பாப்போம் சார்."

சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. பையன் தன் மோட்டாரைக் கிளப்பினான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.