விலங்குமுகமும் மனித மதிப்பும்: சண்டிலிப்பாய் வட்டாரத் தொன்மங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மனித உடலில் விலங்கின் முகத்தை ஏற்றிப் பார்க்கும் விருப்பம் மனித இனத்தின் மிகப் பழைய கலைவிருப்பங்களுள் ஒன்றாகும். ஜேர்மனியின் ஹோலன்ஸ்ரைன் குகையில் 1939இல் துண்டுதுண்டாகக் கண்டெடுக்கப்பட்ட சிங்கமுக மனித உரு ஏறக்குறைய 40,000 ஆண்டுப் பழமையுடையது. மாமத யானையின் தந்தத்திற் செதுக்கப்பட்ட அவ்வுரு ஓரடி உயரமே கொண்டது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக் குகையொன்றில் விலங்குறுப்புகள் கொண்ட மனித உருவங்கள் வேட்டையாடும் ஓவியம் உண்டு. அதன் வயது குறைந்தது 43,900 ஆண்டுகள் என 2019இல் ஆய்வாளர் அறிவித்தனர். உழவும் எழுத்தும் அரசும் தோன்றுவதற்கு முன்னரே இக்கலை தோன்றிவிட்டது.

இக்கலையின் அண்மைக்கால வடிவம் முற்றிலும் வேறானதொரு சூழலில் உருவானது. 1980களில் அமெரிக்க அறிவியற் புனைகதை இரசிகர்களின் மாநாடுகளில், மனிதரைப்போலப் பேசி நடக்கும் விலங்குப் பாத்திரங்களை வரைவோரும் விரும்புவோரும் தனிக் குழுவாகத் திரண்டனர். 1989இல் கலிபோர்ணியாவின் கொஸ்ரா மேசா நகரில் அவர்களுக்கெனத் தனி மாநாடு கூடியது. 1997இல் தொடங்கிய ‘ஆந்த்ரோகொன்’ மாநாடு 2006 முதல் பிற்ஸ்பேர்க் நகரில் நடைபெற்று வருகின்றது. ‘ஃபரி’ எனப்படும் இவ்விரசிகர் பலர் தமக்கென ஒரு விலங்குருவைத் தெரிந்து, பெயரும் குணமும் கொடுத்து, ஓவியரைக் கொண்டு வரைவித்துக் கொள்கின்றனர். சிலர் முழு உடையாகவே தைத்து அணிகின்றனர்.

இதனை மேனாட்டாரின் விசித்திரப் பொழுதுபோக்கு என ஒதுக்குவது எளிது. ஆயின் விலங்குமுகத்தை நாள்தோறும் கண்டு, வணங்கி, கதை சொல்லி வந்த சமூகம் அவ்வாறு ஒதுக்குமுன் தன்னுடைய மரபையே உசாவ வேண்டும். எந்த முகம், எவருடைய உடலில், எந்த மதிப்பைப் பெற்றது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதியிலுள்ள சண்டிலிப்பாயையும் அதன் சுற்றுப்புறத்தையும் களமாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சண்டிலிப்பாயின் இரு வழிபாட்டிடங்கள் இங்கு முதற்கண் கருதற்குரியன. ஒன்று கல்வளைப் பிள்ளையார் கோயில். பதினெட்டாம் நூற்றாண்டினரான நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் ‘கல்வளை அந்தாதி’ பாடியது இப்பிள்ளையார் மீதே. மற்றையது சீரணி நாகபூஷணி அம்மன் கோயில். ஓரிடத்தில் மனித உடலும் யானை முகமும் கொண்ட கடவுள். மற்றையதில் நாகத்தோடு இணைந்த தாய்த்தெய்வம். இவ்விணைவுகளின் தன்மை வேறுபடுகின்றது. பிள்ளையாருக்கு யானை முகமாகவே அமைகின்றது. அம்மனுக்கோ, ‘நாகபூஷணி’ என்னும் பெயரே உணர்த்துவதுபோல, நாகம் அணிகலன் ஆகின்றது. ஆண் தெய்வம் விலங்காகவே தோன்றலாம். பெண் தெய்வம் விலங்கை அணியலாம், முகமோ அழகிய பெண்முகமாகவே இருத்தல் வேண்டும் என்பதோர் ஒழுங்கு இங்குப் புலப்படுகின்றது. பன்றிமுகம் கொண்ட வாராகி இதற்கு விலக்கன்றோ எனக் கேட்கலாம். விலக்குத்தான். ஆயின் அவள் அன்னையர் எழுவருள் ஒருத்தியாக நிற்கும் போர்த்தெய்வம். இல்லறத் தலைவியாக, மணக்கோலத்தில் நம் மரபு அவளைக் காட்டுவதில்லை.

இவ்வொழுங்கு தெய்வங்களோடு நின்றுவிடவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ விலங்குமுகம் கொண்ட மூவரைப் பற்றிக் கூறுகின்றது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி மனித முகம் பெற்றார். குதிரை முகமும் தீராநோயும் உற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அதே தீர்த்தத்தில் ஆடிக் குறை நீங்கினாள். நன்றிக்கடனாக மாவிட்டபுரத்தில் முருகன் கோயில் எழுப்பினாள். ‘மா’ எனப்படும் குதிரையின் முகம் விட்டு நீங்கிய ஊராதலின் மாவிட்டபுரம் என்பது மரபு. மூன்றாமவன் அவளை மணந்த உக்கிரசிங்கன். கதிரமலையிலிருந்து அரசாண்ட அவன் மனித உடலும் சிங்க முகமும் உடையவன். கதிரமலை என்பது சண்டிலிப்பாய்க்கு அண்மையிலுள்ள கந்தரோடையே எனப் பல ஆய்வாளர் கருதுவர்.

மூவரையும் ஒருசேர வைத்து நோக்கின் ஓர் உண்மை வெளிப்படும். முனிவரின் முகம் மாறியது. இளவரசியின் முகம் மாறியது. அரசனின் முகம் மாறவில்லை. மாற வேண்டும் என்று எவரும் நினைக்கவுமில்லை. தீர்த்தத்தின் பெருமையைக் கூற எழுந்த கதையாதலின் அதற்கு நோயாளி தேவைப்பட்டார் என விடை கூறலாம். அவ்விடை போதாது. தீர்த்தம் அரசனுக்கும் எட்டும் தூரத்திலேயே இருந்தது. கதையோ அவனை நோயாளியாகக் காணவில்லை. விலங்கின் தகுதிதான் காரணமோ என்றும் கேட்கலாம். கீரி சிறிய விலங்கு, அது இழிவாயிற்று என முனிவர் கதைக்கு வேண்டுமானால் அமைதி கூறலாம். ஆனால் குதிரை அரசரின் தேரையும் படையையும் தாங்கிய விலங்கு. அதன் முகம் பெண்ணொருத்தியின் கழுத்தில் அமைந்தபோது நோயாயிற்று. சிங்கத்தின் முகம் ஆணொருவனின் கழுத்தில் அமைந்தபோது வீரமாயிற்று. மதிப்பை வழங்குவது விலங்கன்று; அம்முகத்தைத் தாங்கும் உடலுக்குச் சமூகம் கொடுத்த இடமே.

கந்தபுராணம் இதனை மேலும் உறுதிப்படுத்துகின்றது. ஒருவர் பாட மற்றொருவர் பொருள் சொல்லும் புராண படனம் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நெடுங்காலம் வேரூன்றியது. அக்காவியத்தில் தாரகனுக்கு யானை முகம். சூரனின் தம்பியருள் மற்றவனுக்குச் சிங்க முகம். பிள்ளையாரோடு பொருது பெருச்சாளியாகி அவருக்கு வாகனமான கயமுகனுக்கும் யானை முகமே. ஆக, கல்வளையில் வணங்கப்படும் அதே முகம் போர்க்களத்தில் வெட்டுண்கின்றது. கதிரமலையில் அரியணை ஏறிய அதே முகம் சூரன்போரில் சாய்கின்றது. சூரனுடைய மரவுருவில் யானைத் தலையும் சிங்கத் தலையும் மாறி மாறிப் பொருத்தப்படும்போது, உடல் ஒன்றாக இருக்க முகமே பகையின் அடையாளமாகின்றது. யானை முகம் பிரணவத்தின் வடிவம் என்னும் தத்துவ விளக்கத்தை இக்கட்டுரை மறுக்கவில்லை. எனினும் அவ்விளக்கம் தாரகனின் முகத்துக்கு ஏன் வழங்கப்படவில்லை என்னும் வினா எஞ்சியே நிற்கின்றது.

அப்படியாயின் இம்முகங்கள் மக்களைக் கவர்வது எதனால்? சிங்கமுகன் இதற்குச் சிறந்த சான்று. தேவரைச் சிறைவிடுமாறு சூரனுக்கு அவையிலே அறிவுரை கூறுபவன் அவனே. கூறியது ஏற்கப்படாதபோதும் தமையனுக்காகப் போரிட்டு மடிகின்றான். அதிகாரத்தின் முன் மனிதமுகத்தோன் சொல்ல அஞ்சுவதை விலங்குமுகத்தோன் சொல்லிவிடுகின்றான். பஞ்சதந்திரத்தின் நரிகளும் முயல்களும் அரசநீதியைப் பேசியது இவ்வாறே. ஈழத்துச் சிறுவர் அரங்கில் சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ மேடையேறியதும் இம்மரபின் தொடர்ச்சியிலேயே எனலாம். விலங்கு வேடம் பேசுவோனுக்குப் பாதுகாப்பையும், கேட்போனுக்குத் தன் நிலையைச் சற்று விலகி நின்று காணும் வாய்ப்பையும் அளிக்கின்றது. வேடத்தின் கவர்ச்சிக்கு இதுவே அடிப்படை.

இன்றைய மேனாட்டு இரசிகர் இம்மரபில் ஒரு புதுக்கூறைச் சேர்த்துள்ளனர். அவர்களுடைய விலங்குமுகம் பிறப்பால் வந்ததுமன்று, சாபத்தால் வந்ததுமன்று. தாமே தெரிந்து கொண்டது. வேண்டியபோது அணிந்து வேண்டாதபோது களையலாம். பெண்ணொருத்தி ஓநாயாகத் தோன்ற விரும்பின் அவளை நீராட்டிக் குணப்படுத்த எவரும் முன்வருவதில்லை. ஓவியங்களும் உடைகளும் பணம் கொடுத்துப் பெறப்படுவதால் அங்கும் வசதி படைத்தோரின் முகமே முழுமையாக உருப்பெறுகின்றது என்பது உண்மையே. எனினும் தன் முகத்தைத் தானே தெரிதல் என்னும் கருத்து, மாருதப்புரவீகவல்லியின் கதையை மீண்டும் படிக்க நம்மைத் தூண்டுகின்றது. குதிரைமுகத்தோடு அவள் எவ்வாறு உலகைக் கண்டாள், கடல்கடந்து வந்த வழியில் எத்தனை பார்வைகளைத் தாங்கினாள் என்பதை வைபவமாலை கூறவில்லை. முகம் மாறிய பின்னரே அவள் மணமகளாகவும் கோயில் எழுப்பியவளாகவும் வரலாற்றில் இடம் பெறுகின்றாள்.

அக்கோயிலின் பிற்கால வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் வழிபாட்டுரிமை கோரி ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தியதும், வாயிலில் தடுக்கப்பட்டதும் மாவிட்டபுரத்திலேயே. முகத்தின் பொருட்டு இழிவுற்ற ஒருத்தி எழுப்பியதாகக் கூறப்படும் கோயிலின் வாயிலில், பிறப்பின் பொருட்டு இழிவுற்றோர் நிறுத்தப்பட்டனர். தொன்மம் அவளுக்கு அளித்த தீர்வு, குறையென்று பிறர் கருதியதை நீக்கிக் கொள்வதாகும். போராடியோர் அத்தீர்வை ஏற்கவில்லை. தம்மை மாற்றிக்கொள்ள வந்தவரல்லர் அவர். வாயிலை மாற்ற வந்தவர்.

விலங்குமுகக் கலையை ஆராய்வோர் குலக்குறி எச்சங்களைத் தேடுவதோடும், குறியீட்டு விளக்கங்களைத் தொகுப்பதோடும் அமையலாகாது. ஒவ்வொரு முகத்தையும் யார் வரைந்தார், யார் மீது வைத்தார், யார் அதனை அகற்றும்படி கேட்டார் என்பனவும் ஆய்வின் வினாக்களாதல் வேண்டும். கல்வளையும் சீரணியும் கந்தரோடையும் மாவிட்டபுரமும் ஒரே வலிகாமத்தில் அமைந்திருத்தல் அவ்வாய்வுக்கு வாய்த்த பேறாகும். வாய்மொழிக் கதைகளையும் மரவுருக்களையும் அவற்றைச் செதுக்கிய தச்சரின் அறிவையும் முறையாகத் தொகுப்பின், வைபவமாலை சொல்லாது விட்ட குதிரைமுகத்தாளின் கதை எங்கேனும் ஒரு மூதாட்டியின் நாவில் எஞ்சியிருத்தலும் கூடும்.