வருக என்பதும் மன்னிக்கிறோம் என்பதும்

பிரெஞ்சு மொழியைக் கற்கப் புகுவோர் பலரும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. அம்மொழி இலக்கணத்தார் 'சுப்ஜோன்க்திஃப்' என்று அழைக்கும் வினைப்பாங்கே அது. பெயரின் பொருளைக் கொண்டு இதனைச் சார்புப்பாங்கு எனலாம். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறும் வினை உரைப்பாங்கு. 'செய்' என முன்னிற்பாரைப் பணிப்பது ஏவல். இவ்விரண்டினின்றும் வேறானது சார்புப்பாங்கு. 'இது ஐயத்தைக் குறிப்பது' என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடும் பாடநூல்கள் உண்டு. இவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இயேசு கற்பித்த செபத்தின் முதல் மூன்று மன்றாட்டுகளும் பிரெஞ்சில் இப்பாங்கிலேயே அமைந்துள்ளன. இது ஐயத்தின் பாங்கு என்றால், இறையாட்சியின் வருகையைப் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் ஐயத்தோடுதான் வேண்டுகின்றனரா?

எடுத்துக்காட்டுகளை நோக்குவோம். 'நீ வந்ததில் மகிழ்கிறேன்' என்று பிரெஞ்சில் கூறும்போது, வந்தது என்னும் வினை சார்புப்பாங்கில் நிற்கும். வந்தவர் கண்ணெதிரே இருக்கிறார். இதில் ஐயத்திற்கு ஏது இடம்? வந்தார் என்று அறிவிப்பது அவ்வாக்கியத்தின் நோக்கமன்று. அவ்வருகையை உள்ளம் ஏற்று மகிழ்வதே நோக்கம். ஆகவே சார்புப்பாங்கு ஒரு நிகழ்ச்சியை அறிவிப்பதில்லை. அதனை விருப்பம், அச்சம், மகிழ்ச்சி, மதிப்பீடு ஆகியவற்றின் முன் நிறுத்துகிறது. ஐயம் அவற்றுள் ஒன்று மட்டுமே.

மற்றொன்றும் நம் கருத்திற்குரியது. 'நம்புகிறேன்' என்னும் வினையை அடுத்து வருவது உரைப்பாங்கு. 'எதிர்நோக்குகிறேன்' என்பதை அடுத்தும் அதுவே வரும். 'விரும்புகிறேன்', 'அஞ்சுகிறேன்' என்பவற்றை அடுத்தோ சார்புப்பாங்கு வரும். எதிர்நோக்கை உறுதிப்பொருளாகவும் விருப்பத்தை உள்ளத்தின் அசைவாகவும் பிரெஞ்சு வகைப்படுத்துவது இறையியல் கற்றோருக்கு இனிக்கும். எனினும் இதைக் கொண்டு கோட்டை கட்டலாகாது. அதே இலத்தீன் வழிவந்த இத்தாலிய மொழியில் எதிர்நோக்கு வினையை அடுத்துப் பெரும்பாலும் சார்புப்பாங்கே வருகிறது. அதனால் இத்தாலியர் எதிர்நோக்கில் குறைந்தவர் ஆகிவிடார்.

இனிச் செபத்திற்கு வருவோம். பழைய பிரெஞ்சு வாய்பாட்டில், ஆட்சியின் வருகையைக் குறிக்க 'அரீவ்' என்னும் வினை வழங்கியது. அதற்கு இரு பாங்குகளிலும் ஒலி ஒன்றே; முன்னிற்கும் இணைப்புச்சொல்லே வேறுபாட்டைக் காட்டும். 1966-ல் ஏற்கப்பட்ட பொது வாய்பாடு 'வியென்' என்னும் வினையை அமைத்தது. 'வருகிறது' எனின் 'வியாங்' என மூக்கொலியோடு முடியும். 'வருக' எனின் 'வியென்' என மெய்யொலி தெளிவாக ஒலிக்கும். ஓர் ஒலியின் வேறுபாட்டில் செய்தி வேண்டுதலாகிறது. 2017 டிசம்பர் 3 அன்று பிரான்சில் சோதனை பற்றிய மன்றாட்டுத் திருத்தப்பட்டபோதும், முதல் மூன்று மன்றாட்டுகளின் பாங்கு மாறவில்லை.

தமிழருக்கு இது அயலானதன்று. போற்றப்பெறுக, வருக, நிறைவேறுக என்று நாம் செபிப்பதும் ஏவல் அன்று, வியங்கோள். ஏவல் முன்னிலைக்கே உரியது. வியங்கோளோ மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் பொது என்பது நன்னூலார் கொள்கை. வாழ்த்தும் வேண்டலும் அதன் பொருள்கள். பிரெஞ்சுச் சார்புப்பாங்கின் எல்லாப் பயன்பாடுகளையும் வியங்கோள் தழுவாது. ஆயினும் இச்செபத்தில் அதன் பொருளை உணர, 'ஐயம்' என்னும் பாடநூல் விளக்கத்தினும் நம் வியங்கோளே நல்ல வழிகாட்டி.

இலத்தீன் விவிலியத்தில் இப்பாங்கின் தலைசிறந்த சொல் 'ஃபியாத்'. தொடக்கத்தில் ஒளி தோன்றக் கடவுள் உரைத்த சொல்லும், வானதூதருக்கு மரியா அளித்த மறுமொழியும், கெத்சமனியில் இயேசு தந்தையிடம் வேண்டியதும் அந்த ஒரே சொல்லால் பெயர்க்கப்பட்டுள்ளன. படைப்பவரின் ஆணையும், பணிபவரின் இசைவும், துயருறுபவரின் கையளிப்பும் ஒரே வினைவடிவில் கூடுகின்றன. அதனை ஐயத்தின் பாங்கு என்று சுருக்குவது எத்துணைப் பெரிய இழப்பு!

ஆயினும் அச்செபத்தில் உரைப்பாங்கு நிற்கும் இடங்களே நம்மை உலுக்க வேண்டியவை. அவை மூன்று. தந்தை விண்ணகத்தில் இருக்கிறார்; நாங்கள் மன்னிக்கிறோம்; பிறர் எங்களுக்குத் தீங்கு செய்தனர். தமிழில் 'மன்னிப்பதுபோல' என்று தொழிற்பெயர் கொண்டு ஒப்புமையாகச் சொல்கிறோம். வாக்கியம் மென்மையாகக் கடந்துவிடுகிறது. பிரெஞ்சிலோ 'பர்தொனோங்' என்னும் முற்றுவினை, காலமும் இடமும் காட்டி நிற்கிறது. ஒப்புமைத் தொடரில் உரைப்பாங்கு வருவது இலக்கண விதிதானே என்பர் சிலர். உண்மையே. எனினும் விதியால் வந்த சொல்லுக்கும் சொன்னவரே பொறுப்பு. இன்று பெரிதும் ஏற்கப்படும் மத்தேயுவின் கிரேக்க பாடமோ இன்னும் கடுமையானது: மன்னித்துவிட்டோம் என்று இறந்தகாலத்திலேயே பேசுகிறது.

நம் நடைமுறையோ இதற்கு நேர்மாறானது. 'அவரை மன்னிக்கும் மனத்தை ஆண்டவர் எனக்குத் தருவாராக' என்று நம் கடமையை வியங்கோளில் தள்ளிவைக்கிறோம். பாகப்பிரிவினையில் பகைத்த உடன்பிறந்தார் ஒரே ஆலயத்தில் இரு பக்கமும் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் அவ்வாறே செபிக்கின்றனர். மறுபுறம், இளவயதில் கணவனை இழந்தவளிடம் சென்று 'இது கடவுளின் திருவுளம்' என்று உரைப்பாங்கில் உறுதிகூறத் துணிகிறோம். இயேசு வேண்டுதலாகக் கற்பித்ததை நாம் அறிக்கையாக்கினோம். அறிக்கையாகக் கற்பித்ததை வேண்டுதலாக்கினோம்.

பிறர் செய்த தீங்கை அச்செபம் மறைக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. 'தீங்கு செய்திருப்பாராயின்' என்று அது குழைவதில்லை. செய்தனர் என்றே கூறுகிறது. நடந்ததை நடந்ததென ஒப்புக்கொண்ட பின்னரே மன்னிப்பு மன்னிப்பாகும்.

மொழிக்கு மொழி இலக்கணம் மாறும். எந்த இலக்கணமும் மீட்பைத் தாராது. ஆயினும் வேற்றுமொழியின் வினைப்பாங்கு ஒன்று, பழக்கத்தால் தேய்ந்த நம் செபத்தின் மூட்டுகளை நமக்கு மீண்டும் காட்டித் தருகிறது. திருவுளம் நிறைவேறுக என்று வேண்டுவோம். மன்னிக்கிறோம் என்னும் சொல்லையோ, மெய்யாக்கிய பின் சொல்வோம்.