சுதியை யார் வைக்கிறது?

அரியலூர்ப் பக்கத்துக் கோயிலொன்றில் ஒம்பது வருசம் நான் பாடகர் குழுவில் இருந்தேன். ஆர்மோனியத்துக்குப் பின்னால், கடைசி வரிசை. ‘சேரிப் பிள்ளைங்களும் பாடுது, இன்னும் என்னப்பா சாதி?’ என்பார்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார், சுதி வைத்தது யார், ‘தொண்டையக் கொஞ்சம் நயமா வை’ என்று திருத்தியது யார்? இதைக் கேட்டால்தான் சாதி தெரியும்.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சி மாதாவைக் கலம்பகத்தில் பாடினார். கோயிலுக்குள் போனது புலவர் தமிழ். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) மக்கள் இசைக்குக் கதவைத் திறந்தது. எங்க பக்கம் உள்ளே வந்தது கர்நாடக மெட்டும் கீபோர்டும். பறை எழவு வீட்டோடு நின்றது.

புராட்டஸ்டண்டு தரப்பில் மதுரை இறையியல் கல்லூரியின் தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’, 1994இல் கிராமிய இசை வழிபாடு அமைத்தார். அதில் நயமான தொண்டை தேவையில்லை. ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, சனம் வாங்கிப் பாடும். சனம் மெட்டை மாற்றினால் அது பிழையல்ல, படைப்பு. பாடுகிற குழு, கேட்கிற சபை என்ற பிரிவினையையே இது உடைக்கிறது. அவருடைய பெரிய பங்களிப்பு இதுதான்.

ஆனால் அதையும் விழுங்கிவிட்டார்கள். தலித் விடுதலை ஞாயிறன்று பறை பீடம்வரை வருகிறது. மறுநாள் ஊரில் சாவு விழுந்தால், அடிக்க எங்க ஆளைத்தான் கூப்பிடுறான். ‘வரமாட்டேன்’ என்று அவன் சொன்னால் கூடநிற்க அந்தக் குழுவில் எத்தனை பேர்?

வரிசையில் இன்னொரு இடம் கொடுத்து முடிகிற கணக்கில்லை இது.