நீந்துகிறவரை ஓடவிட்டு அளக்கலாமா?

நீச்சல் வீரரின் ஸ்டாமினாவை அறிய அவரை ஓடவிடுவதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப் படையினரைக் கொண்டு 1968இல் வகுத்த 12 நிமிட ஓட்டச் சோதனைக்கு மைதானமும் கடிகாரமும் போதும். பெரம்பலூரில் ஒரு பிள்ளை 400 மீட்டர் தடத்தை ஆறு சுற்று ஓடி முடித்தால், கூப்பரின் சூத்திரப்படி அவர் உச்சத்தில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 மில்லிலிட்டர். கணக்கு சரிதான். ஆனால் அது கால்களின் கணக்கு.

தண்ணீரில் உடல் படுத்திருக்கிறது. பெரும்பாலும் கைகளே உந்துகின்றன. இதயத்துடிப்பின் உச்சம்கூட ஓட்டத்தில் எட்டுவதைவிடப் பத்துப் பதினைந்து குறையும். எடையைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும்போது கிலோவால் வகுப்பதும் பொருந்தவில்லை. நல்ல உடற்கட்டுள்ள பிள்ளைக்கு அதனால் மதிப்பெண் குறைகிறது.

சரி, குளத்திலேயே அளந்தால்? வாயில் ஸ்நார்க்கல் குழாய், அதிலிருந்து கரைக்கு ஒரு நீள ஹோஸ், கருவியோடு கூடவே நடக்க ஓர் ஆள். குழாய் இருப்பதால் மூச்சுக்குத் தலையைத் திருப்ப வேண்டாம். சுவரருகே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பவும் முடியாது. 25 மீட்டர் குளத்தில் 400 மீட்டர் நீந்தினால் 15 திருப்பங்கள். அத்தனையும் மாறிவிட்டால் அளந்தது போட்டி நீச்சலையா? சுவரைத் தொட்டதும் முகமூடி பொருத்தி, முதல் 20 விநாடி மூச்சைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடும் வழியும் உண்டு. இதில் நீச்சல் கெடாது. முகமூடி சில விநாடி தாமதித்தால் எண் கெட்டுவிடும்.

இவ்வளவு குறைக்குப் பிறகும் இந்த அளவீட்டை நான் ஒதுக்கமாட்டேன். ஒரே வேகத்தில் நீந்தும் இருவரில் யாருக்கு ஆக்சிஜன் செலவு அதிகம் என்பதை ஸ்டாப்வாட்ச் சொல்லாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இடுப்பில் கேனைக் கட்டி வயல் கிணற்றில் பழகியவர்கள். கிணற்று நீச்சலில் தலை மேலே நிற்கும், இடுப்பு தாழும், தண்ணீரின் இழுவை கூடும். வேகம் இரட்டித்தால் இழுவை ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மூச்சுத் திறன் தாராளமாக இருந்தும் டைமிங் சுமாராக வரலாம். அவருக்குத் தேவை தலையைத் தாழ்த்தும் பயிற்சி. கூடுதல் ஓட்டம் அல்ல.

ஆகவே ஆளைத் தேர்ந்தெடுக்க இந்த எண்ணைப் பயன்படுத்துவதுதான் தவறு. ஒரே ஆளை, ஒரே முறையில், பருவத்துக்குப் பருவம் ஒப்பிட்டால் அது பயன்படும். 50 மீட்டர் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அங்கே ஆக்சிஜனின் பங்கு சிறியது. 400, 1500 மீட்டர்காரர்களுக்கே இது பெரிய விஷயம்.

அவர்களுக்கும் மலிவான வழி இருக்கிறது. 400 மீட்டருக்கு 320 விநாடி, 200 மீட்டருக்கு 150 விநாடி என்றால், இடைப்பட்ட 200 மீட்டருக்கு 170 விநாடி. அதாவது 100 மீட்டருக்கு 85. களைப்பில் தடுமாறாமல் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம் ஏறத்தாழ இதுதான். பயிற்சியாளர் நோட்டில் இதையும், ஒரு நீளத்துக்கு எத்தனை கைவீச்சு என்பதையும் மாதம் ஒருமுறை குறித்துவந்தால் மாவட்ட அளவுக்குப் போதும். டைமிங் நகராமலே நிற்கும் பிள்ளையை அரியலூரிலிருந்து சென்னை ஆய்வகத்துக்கு அழைத்துப்போகலாம். ஆனால் அங்கே தண்ணீரில் அளப்பார்களா, டிரெட்மில்லில் ஏற்றுவார்களா என்று போனில் கேட்டுவிட்டு பஸ் ஏறுவது நல்லது.