சமூக-உணர்வுசார் கற்றலும் ஆசிரியர் பயிற்சியும்: ஒரு மதிப்பீடு

சமூக-உணர்வுசார் கற்றல் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் மாணவரையே மையமாகக் கொள்கின்றன. டர்லாக் உள்ளிட்டோர் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 213 திட்டங்களை ஆராய்ந்து, பங்கேற்ற மாணவரின் கல்வி அடைவு 11 சதமானப் புள்ளிகள் உயர்ந்ததெனக் காட்டியது. நடைமுறைப்படுத்தலில் குறை நேர்ந்த இடங்களில் பயன் சுருங்கியது என்பதும் அவ்வாய்வின் முடிவே. நடைமுறைப்படுத்துபவர் ஆசிரியர் எனில், அவருடைய உணர்வு நலனும் ஆய்வுப் பொருளாக வேண்டும். ஜென்னிங்ஸ், கிரீன்பெர்க் ஆகியோர் 2009இலேயே இதனை வலியுறுத்தினர்.

தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட மகிழ்ச்சிப் பாடத்திட்டம் இங்குக் கருதத்தக்கது. மழலையர் முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அப்பாடத்திற்குத் தேர்வு இருக்கவில்லை. மனக்குவிப்பு, கதை, செயல்பாடு ஆகியவை அதில் இடம்பெற்றன. தேர்வில்லாப் பாடத்தில் ஆசிரியரின் நடத்தையே பாடநூலாகிறது. கதையைக் கேட்ட குழந்தை தன் வீட்டில் நிகழும் வன்முறையை வெளிப்படுத்தினால், கையேட்டு வினாக்கள் மட்டும் ஆசிரியருக்குத் துணைநில்லா.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுதோறும் குறைந்தது 50 மணிநேரத் தொழில்சார் மேம்பாட்டை எதிர்பார்க்கிறது. மணிக்கணக்கு வருகையை அளக்குமேயன்றி மாற்றத்தை அளக்காது. கருத்தாளர் வழிப் படிநிலைப் பயிற்சி தகவலைக் கடத்தும். பொறுமையையும் செவிமடுத்தலையும் கடத்தாது. அவை வகுப்பறை நோக்கல், சக ஆசிரியர் உரையாடல், உளவியல் ஆலோசகர் துணை ஆகியவற்றால் வளர்வன. பணிநேரத்திற்குள்ளேயே இவற்றுக்கு இடமளிக்காத பயிற்சி, பரிவின் பெயரால் ஏற்றப்படும் மற்றுமொரு பணிச்சுமையாகவே எஞ்சும்.