கத்திரியில் தெற்கே

கத்திரி வெயிலை நாம் எண்ணாகவே கேட்டுப் பழகிவிட்டோம். மாலைச் செய்தியில் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று ஊர்வாரியாக வாசிப்பார்கள். நாற்பதைத் தாண்டியிருந்தால் ஒரு பெருமூச்சு விடுவோம், அத்தோடு சரி. அந்த நாற்பதுக்குள் எத்தனை வகை வெயில் இருக்கிறது என்பதை மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர் அறிவார். காரில் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். பேருந்தில் சன்னலோரத்துக்காரருக்கு மட்டும் கொஞ்சம் வெயில் கிடைக்கும். இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கோ தலைமுதல் கால்வரை காற்று படுகிறது. மண் மாறுவதும், மரம் வருவதும், ஏரி கடப்பதும், மேகம் மறைப்பதும் அந்தந்தக் கணத்திலேயே உடம்பில் தெரிந்துவிடும். மே மாதத்தில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை, ஏறக்குறைய 700 கிலோமீட்டர், வண்டியில் போவதை வீம்பு என்பார்கள். கோடையை ரசிக்கத் தெரிந்தவருக்கு அது விருந்து.

விருந்தின் முதல் பந்தி விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. நான்கு மணிக்குக் கிளம்பினாலும் சென்னை குளிர்ந்திருக்காது. பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டைச் சுவர்களும் தாரும் இன்னும் விட்டுக்கொண்டிருக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. கடற்காற்று நேரத்துக்கு வந்தால் தப்பித்தோம். மேல்காற்று அதைத் தடுத்துவிட்டால் ஊர் வெந்துபோகும். தாம்பரம், வண்டலூர் தாண்டுகையில் அந்தக் கட்டடச் சூடு ஒவ்வோர் அடுக்காகக் கழன்றுபோகும். செங்கல்பட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரியை ஒட்டிச் சாலை போகும்போது முதல் குளிர்ச்சி முழங்காலில் படும், மார்புக்கு ஒரு கணம் கழித்துத்தான் வரும். குளிர்ந்த காற்று கனமானது, தாழ்வான இடத்தில் தங்கிவிடும். அந்த ஒரு கண இடைவெளியைக் கவனித்துவிட்டால், பிறகு வழியெங்கும் பள்ளம் மேடுகளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கால் சொல்லிவிடும்.

அடுத்து பாலாற்றுப் பாலம். ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. ஆனாலும் அந்த நேரத்தில் அந்த மணலிலிருந்து ஒரு சில்லிப்பு எழுந்து வரும். காய்ந்த மணல் சூட்டை ஆழத்துக்கு இறக்காமல் மேலோடு வைத்துக்கொள்ளும். இரவு வந்ததும் அதை வேகமாகக் கைவிட்டுவிடும். இதே மணலின் இன்னொரு முகத்தைத் திருச்சியில் பார்க்கலாம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள். மே மாதத்தில் கொள்ளிடமும் காவிரியும் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். முற்பகல் பதினோரு மணிக்குக் கொள்ளிடப் பாலம் ஏறினால் பக்கவாட்டிலிருந்து ஒரு தணல் வந்து தாடையில் படும். விடியலில் குளிர்ந்ததும் அந்த மணலின் குணந்தான், நண்பகலில் கொதிப்பதும் அதே குணந்தான்.

விடியற்காலை வண்டிக்கும் பிடித்த வேளை. 25 டிகிரிக் காற்றைவிட 45 டிகிரிக் காற்று ஏறக்குறைய ஆறு சதவீதம் அடர்த்தி குறைந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்று அந்த அளவுக்கு மெலிந்துபோகிறது. அதனால்தான் ஐந்து மணிக்கு ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் துள்ளிக்கொண்டு இழுக்கிற வண்டி, இரண்டு மணிக்கு அதே மேட்டில் கொஞ்சம் யோசிக்கிறது. தினமும் ஓட்டுகிறவரின் வலது கைக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

சூரியன் இடப்பக்கம் எழும். தெற்கே போகிறவருக்குக் காலை முழுவதும் இடது கன்னத்திலும் இடது முன்னங்கையிலும் வெயில். ஆறரை மணி வெயில் ஒளி மட்டுந்தான். எட்டு மணிக்கு அதில் சூடு கலக்கும். ஒன்பதரை வாக்கில், பெரம்பலூரை நெருங்கும்போது, இந்தப் பயணத்தின் மிக நுட்பமான மாற்றம் நடக்கும். அதுவரை வேகமாகப் போகப்போக உடம்பு குளிர்ந்தது. இப்போது வேகம் கூடினால் சூடு கூடுகிறது. நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. காற்று அதற்குக் கீழே இருக்கும்வரை நம்மிடமிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அதைத் தாண்டிவிட்டால் நமக்குக் கொண்டுவந்து கொடுக்கும். ஹெல்மெட்டின் வைசரைத் தூக்கிப் பார்த்தால் உடனே புரியும். காலையில் முகத்தைக் கழுவிவிட்ட காற்று இப்போது கண்ணின் ஈரத்தை உறிஞ்சும். வைசரை இறக்கினால் உள்ளே குளிர்ச்சி. மூடினால் குளிரும், திறந்தால் சுடும் என்கிற இந்தத் தலைகீழ் நியாயந்தான் இனி சாயங்காலம்வரை.

அந்த நியாயத்தைப் புரிந்துகொண்டவர் உடையில் தெரிவார். புதிதாகக் கிளம்புகிறவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காற்று வாங்குவார். அனுபவப்பட்டவர் நனைத்த முழுக்கைப் பருத்திச் சட்டைமேல் ஜாக்கெட்டைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை ஏற்றியிருப்பார். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும்போது ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. திறந்த உடம்பில் அந்த ஈரம் சில நிமிடங்களில் பறந்துவிடும். ஜாக்கெட்டுக்குள் மணிக்கட்டு வழியாகவும் கழுத்து வழியாகவும் மட்டும் காற்று நுழைந்து வெளியேறினால், அதே ஈரம் வெகுநேரம் நின்று வேலை செய்யும். மண்பானை தண்ணீரைக் குளிர்விக்கிற அதே முறை இது. கசிவு சிறுகச்சிறுக நடக்கவேண்டும். 24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டுவதையே தொடக்கத் தேர்வாக வைத்திருக்கும் அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன்காரர்கள் பாலைவனச் சாலைகளில் இப்படித்தான் போகிறார்கள். நம் காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அவர்களுக்கு முன்பே இதைக் கண்டவர்கள். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, எல்லாம் பருத்தி.

இதிலும் இடத்துக்கு ஏற்ற நயம் உண்டு. திண்டிவனம்வரை ஈரத்துணி பலன் தராது. கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரம் தாங்கி வருவதால் வியர்வை காய இடமில்லாமல் பிசுபிசுக்கும். உள்நாட்டுக்குள் போகப்போகக் காற்று வறள்கிறது. பெரம்பலூருக்குத் தெற்கே நனைத்த சட்டை உயிர்பெறும். மதுரைப் பக்கம் அது முதுகில் நடுக்கம் வரும் அளவுக்குக் குளிரும். 41 டிகிரி வெயிலில், எழுபது கிலோமீட்டர் வேகத்தில், முதுகுத்தண்டில் ஓடுகிற அந்தக் குளிருக்கு இணையான சுகம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

நாலுவழிச் சாலைக்காகப் பழைய புளியமரங்கள் போய்விட்டன. நடுத்திட்டு முழுக்க அரளி, சிவப்பும் வெள்ளையுமாக, வெயில் ஏறஏறப் பூக்கிறது. கண்ணுக்கு விருந்துதான், நிழலுக்கு உதவாது. ஆகவே அங்கங்கே பைபாசை விட்டு ஊருக்குள் போகும் பழைய சாலையில் இறங்கிவிட வேண்டும். சரக்கொன்றையும் மயிற்கொன்றையும் அங்கேதான் பூத்துக் கிடக்கும். நிழல்களின் வேறுபாடும் அங்கேதான் தெரியும். பூவரசின் நிழல் கனத்தது, காற்று அதற்குள் தேங்கும். வேம்பின் நிழலில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். புளியின் இலை பொடியானது; வெயிலைச் சல்லடையிட்டு இறக்கி, காற்றையும் விட்டுவைக்கும். சீமைக்கருவேலத்துக்கு நிழல் உண்டென்று சொல்லவே மனம் வராது. வரிசையாக நாலு புளி நின்றால், அவற்றைக் கடக்கும் அரை நிமிடத்தில் வெயிலும் நிழலும் மாறிமாறித் தோளில் விழும். காற்றின் வெப்பநிலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, காற்று ஒன்றுதானே. ஆனால் மேலிருந்து இறங்கும் கதிர் நின்றுபோகிறது. அது எவ்வளவு பெரிய பாரம் என்பது, இறங்கி மறுபடி ஏறும்போது தெரிகிறது.

நண்பகலில் நிறுத்தவேண்டும். துவரங்குறிச்சிப் பக்கம் பாறைக் குன்றுகள் சூட்டைத் திருப்பி எறியும் வேளை அது. இறங்கி நின்று காலடியைப் பார்த்தால் ஓர் அழகு காத்திருக்கும். மே நடுவில் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே போய்விட்டிருக்கும். ஆளின் நிழல் தெற்கே ஒரு சாண் மட்டும் நீண்டு, போகவேண்டிய திசையைக் காட்டிக்கொண்டு கிடக்கும். வண்டியை நிறுத்தவும் பக்குவம் வேண்டும். இளகிய தாரில் ஸ்டாண்டு இறங்கிவிடும். அடியில் ஒரு தட்டைக் கல் வைக்கவேண்டும். எஞ்சின் சூடேறியிருக்கும்போது நியூட்ரல் லேசில் விழாது. உருண்டுகொண்டிருக்கும்போதே போட்டுவிட வேண்டும். எஞ்சினை அணைத்ததும் பிளாக்கைச் சுற்றியுள்ள தகடுகள் சுருங்கிச்சுருங்கி டிக், டிக் என்று சத்தமிடும். 1950களில் திருவொற்றியூரில் பிறக்கத் தொடங்கிய நம் ஊர்ப் புல்லட்டுக்கு வெகுகாலம் காற்றைத் தவிர வேறு குளிரூட்டி கிடையாது. நம்மைச் சுட்ட அதே 42 டிகிரிக் காற்றுதான் நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கும் அந்த இரும்பைக் குளிர்வித்துக்கொண்டு வந்தது.

புளியடியில் நுங்கு விற்கும் ஆத்தா, "தம்பி, சீட்டு மேல துண்ட நனைச்சுப் போடு, அப்புறம் உக்கார முடியாது" என்பார். சொன்னபடி செய்துவிட்டு உட்காரலாம். நுங்கை வெட்டியதும் விரலால் நோண்டிக் குடிக்கவேண்டும். கரண்டி கேட்டால் பாதிச் சுவை போய்விடும். இளசில் நீரும் சதையும் பிரியாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அதில் லேசான இனிப்பு, அதற்கடியில் ஒரு துவர்ப்பு. பதநீர் கிடைத்தால் ஓலைப் பட்டையிலேயே வாங்கிக் குடிக்கவேண்டும், ஓலையின் பச்சை வாசம் அதில் பாதி. ஆனால் நாள் முழுவதும் வியர்த்த உடம்புக்கு இனிப்பு மட்டும் போதாது. உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு இறங்கியதும் மண்டை தெளிவதை உணரலாம்.

இந்த ரசனைக்கு ஒரு காவல் உண்டு, அது நம் உடம்பே. தலைவலி, குமட்டல், வழிகாட்டிப் பலகையைப் படித்தும் மனதில் பதியாமல் போவது, வெயிலிலேயே மயிர்க்கூச்செறிவது, வியர்வை நின்றுபோவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த நிழலிலேயே பயணத்தை முடித்துவிட வேண்டும். இன்னும் பத்து கிலோமீட்டர்தானே என்று ஓட்டக்கூடாது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மனம் குழம்பினால் அது உயிர்போகும் நிலை. நண்பர்களோடு போகும்போது ஒருவரை ஒருவர் பேசவைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், குழறல் சொல்லிவிடும்.

மூன்றரைக்கு மேல் கிளம்பினால் வெயில் வலப்பக்கம் மாறியிருக்கும். மதுரை தாண்டி விருதுநகருக்குத் தெற்கே மண் கறுக்கிறது. சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்காமல் போகக்கூடாது. வைப்பாற்றுப் பக்கத்துப் பிஞ்சு, கடித்தால் முறியும் ஓசையே பாதித் தாகத்தைத் தீர்க்கும். பிறகு கோவில்பட்டி, கயத்தாறுவரை கரிசல். கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடித்த கறுப்பு மண், தொலைவில் பனை வரிசை, இடையே உடைமரம். சூரியன் சாய்ந்த பிறகு இங்கே ஒரு புது வெயில் தொடங்கும். பகலெல்லாம் மேலிருந்து வந்தது இப்போது கீழிருந்து வரும். கறுப்பு மண் வாங்கிய கடனைத் திருப்பித் தருகிற நேரம். முழங்காலுக்குக் கீழே சூடு, முகத்தில் ஆறிய காற்று. காலையில் கொளவாய் ஏரியோரம் கால்தான் முதலில் குளிர்ந்தது. இங்கே தலை குளிர்ந்த பிறகும் கால் காய்கிறது. கோவில்பட்டியிலோ நெல்லையிலோ மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால், தரையின் அந்தச் சூடு அடங்கும் கட்டங்களையும் எண்ணலாம்.

மறுநாள் வள்ளியூர் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிக் குன்றுகள் வலப்பக்கம் நெருங்கிவரும். ஆரல்வாய்மொழிக் கணவாய். மலைக்கு மேற்கே இருக்கும் ஈரக் காற்றெல்லாம் இந்த இடுக்கில் நெருக்கிப் பாய்வதால்தான் முப்பந்தலைச் சுற்றி அத்தனை காற்றாலைகள். காற்று முதலில் ஒரு தட்டாக வரும், பிறகு விடாத தள்ளாக. வண்டியை அதன் பக்கம் சாய்த்து நேராக ஓட்டவேண்டும். லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் சாய்வை எடுக்கவேண்டும், வெளியே வரும்போது முன்கூட்டியே சாயவேண்டும். இரண்டு நாள் வெயிலில் வறண்ட உதடு இங்கேதான் மறுபடி ஈரமாகும்.

ஆகவே நாள் பார்ப்பதென்றால் மே கடைசி வாரத்தைப் பாருங்கள். கத்திரி 28 வாக்கில் முடிகிறது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது ஜூன் 1. மழைக்கு முன்னோடியான காற்று ஆரல்வாய்மொழியில் அதற்குச் சில நாள் முன்பே தலைகாட்டும். அந்த வாரத்தில் கரிசலில் கோடை முழு வீச்சோடு இருக்கும், கணவாயில் அடுத்த பருவம் வந்துவிட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே வண்டியில் இரண்டு மணி நேரத் தொலைவுதான். ஒரு பருவம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தை உடம்பால் கடந்துபோகிற வாய்ப்பு நம் நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. பருத்திச் சட்டை, உப்பு, தண்ணீர், நிற்கத் தெரிந்த பொறுமை, இவை இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம்.