கையளவு சீஸ்கேக்

சீஸ்கேக்குக்குக் கேக் என்று பெயர் வைத்ததுதான் பல வீடுகளில் அதைக் கெடுத்தது. மாவும் சோடாவும் சேர்ந்து பொங்கி எழும் வகையைச் சேர்ந்ததல்ல அது. கிரீம் சீஸையும் சர்க்கரையையும் முட்டைதான் மெல்லப் பிடித்து உறைய வைக்கிறது. அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸில் குறைந்தது 33 விழுக்காடு பால்கொழுப்பு இருக்க வேண்டும். அவ்வளவு செழுமையான கலவை தளதளவென்று நிற்க, நடுப்பகுதி ஏறத்தாழ 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால் போதும். அதற்கு மேல் போகப் போக முட்டைப் புரதம் இறுகி, தனக்குள் வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பட்டுப்போல இருக்க வேண்டியது மணல் மணலாகிறது, மேலே வெடிப்பு விடுகிறது. இந்தச் சில டிகிரி இடைவெளிக்குள் நிறுத்தத் தெரிவதுதான் சீஸ்கேக் கலை. அதற்கு மிகப் பொருத்தமான உருவம் கையளவுச் சிறு சீஸ்கேக் என்பது என் உறுதியான எண்ணம்.

23 சென்டிமீட்டர் வட்டத் தகரத்தில் ஊற்றிய கலவையைப் பாருங்கள். ஓரம் வெந்து முடிந்த பின்னும் நடுவில் கூழாகவே கிடக்கும். நடு உறைவதற்குள் ஓரம் எல்லை தாண்டிவிடும். தகரத்தைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டுவதும், வெந்நீர்த் தட்டில் அமர்த்துவதும், ஓவன் கதவைச் சற்றே திறந்து ஒரு மணி நேரம் ஆறவிடுவதும் இந்த ஒரு சிக்கலைச் சமாளிக்கத்தான். அதே கலவையை ஏழு சென்டிமீட்டர் அகல மஃபின் குழிகளில் பிரித்து ஊற்றினால் சிக்கலின் வேரே அறுந்துவிடுகிறது. வெப்பம் கடக்க வேண்டிய தொலைவு பாதியானால், அதற்குப் பிடிக்கும் நேரம் கிட்டத்தட்டக் கால்வாசியாகும். ஓரமும் நடுவும் ஏறக்குறைய ஒன்றாகவே உறைகின்றன. 160 டிகிரி ஓவனில் இருபது நிமிடத்தை ஒட்டி வேலை முடிகிறது. வெந்நீர்த் தட்டு இல்லாமலே பெரும்பாலும் நன்றாக வரும். கலக்கும்போது மட்டும் கவனம் தேவை. சீஸ் குளிர் விட்டு இளகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். முட்டையைக் கடைசியில் சேர்த்து, நுரைக்க விடாமல் கலக்க வேண்டும். உள்ளே புகுந்த காற்று ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் அமுங்கும்.

பெரிய சீஸ்கேக்கின் அழகே ஓரத்திலிருந்து நடுவுக்கு மாறிக்கொண்டே போகும் பதம்தானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஸ்பெயினின் சான் செபாஸ்தியன் நகரில் பிறந்த பாஸ்க் சீஸ்கேக் அந்த வேறுபாட்டையே சுவையாக்கியது. மேற்புறம் கருகும் அளவுக்குச் சிவந்து, உள்ளே வழியும் அந்தப் பதத்தைச் சிறு கிண்ணத்தில் கொண்டுவருவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே சீராக, நாவில் வைத்ததும் கரையும் சீஸ்கேக் வேண்டும் என்பவருக்கு அந்த வேறுபாடு குறைதான். அடித்தளம் மிஞ்சிவிடும் என்பது இன்னொரு குறை. வெண்ணெயில் பிசைந்த பிஸ்கட் தூளைக் குழியின் பக்கமெல்லாம் ஏற்றினால் உண்மையிலேயே மிஞ்சும். அமெரிக்க வீடுகளில் காகிதக் கிண்ணத்தின் அடியில் ஒரேயொரு முழு வனிலா பிஸ்கட்டைப் போட்டு அதன்மேல் கலவையை ஊற்றுவார்கள். கலவையின் ஈரத்தில் அந்தப் பிஸ்கட் ஊறி மென்மையாகிவிடும்; அளவு தப்பவே தப்பாது. இரண்டு நிமிடம் அசந்தால் சிறியது வறண்டுவிடும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் முதலில் சுட்டு, ஆறவைத்து, தின்று பார்த்துவிட்டு மீதியை உள்ளே வைக்கலாம். பெரிய தகரம் தருவது ஒரே வாய்ப்பு.

சிறு சீஸ்கேக் இக்காலத்து கஃபேக்கள் கண்டெடுத்த ஒயில் என்று நினைப்பவர்கள் போர்ச்சுகலின் சிந்த்ரா நகரைப் பார்க்க வேண்டும். புதுப் பாலாடைக்கட்டி, முட்டை, சர்க்கரை, இலவங்கப்பட்டை சேர்த்து மெல்லிய மொறுமொறு ஓட்டில் சுடும் கெய்ஜாடா அங்கே பல நூற்றாண்டுகளாக உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில்தான் இருந்துவருகிறது. இங்கிலாந்தின் ரிச்மண்டில் 'மெய்ட்ஸ் ஆஃப் ஹானர்' என்ற சிறு பாலாடைக்கட்டிப் பலகாரமும் அப்படியே. என்னதான் கவனமாகச் சுட்டாலும், சிறியதிலும் மேலே ஒரு சிறு குழி விழத்தான் செய்யும். ஆறும்போது நடு சற்று இறங்கும். அமெரிக்க வீட்டுக்காரர்கள் அதைத் தவிர்க்கப் பாடுபடுவதில்லை. இரவு முழுதும் குளிரூட்டியில் வைத்துக் கெட்டிப்பட்டதும், அந்தக் குழியில் ஒரு கரண்டி புளித்த கிரீமோ, பாகில் வெந்த செர்ரிப் பழமோ நிரப்பி, காகிதத்தை உரித்துத் தட்டில் வைக்கிறார்கள்.